விதையையும் பார்க்க வேண்டாமா?

கலியாணமாகி இரண்டு வருடம் கழிந்தும் பிள்ளை இல்லையென்றால், எமது கிராமங்களில் விரல் நீளுவது பெண்ணை நோக்கித்தான். "மலடி" என்ற சொல்லுக்குப் பயந்து நல்ல காரியங்களுக்குப் போகாமல் ஒதுங்கிவிடும் சகோதரிகளும் உள்ளனர். கருப்பைக்குள் மாதந்தோறும் நடைபெறும் வேலையை அறிந்தவர் இச்சொல்லை இலகுவில் சொல்லமாட்டார்.

கருப்பையின் உட்பக்கத்தை ஒரு மெல்லிய படை மூடியிருக்கிறது. மாதவிடாயின்போது அதன் மேற்பகுதி கழன்று குருதியுடன் வெளியேறும். எஞ்சிய அடிப்பகுதியிலிருந்து புதிய படை வளரும். ஒன்றிரண்டு மில்லிமீற்றராக இருந்த அது, இரண்டு மூன்று கிழமைகளில் ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் தடிப்பை அடைகிறது.

வாய்க்கால் இல்லாமல் வயல் இல்லை. இப்படைக்கு வாய்க்கால்கள் குருதிக்கலன்களே. வளர்ந்தவர்களின் உடலில், காயம் ஆறும்போதும் சில நோய்களிலும் தவிரப் புதிய குருதிக்கலன்கள் அதிகம் முளைப்பதில்லை. கருப்பையிலோ இது மாதாந்த வேலை. சூலகம் சுரக்கும் ஈஸ்திரஜன் என்ற ஓமோன் படையை வளர்க்கிறது. கலங்கள் வெளிவிடும் ஒரு புரதம் குருதிக்கலன்களை முளைக்கச் செய்கிறது. முட்டை வெளியேறிய பின்னர் புரொஜெஸ்தரோன் என்ற ஓமோன், படையிலுள்ள நாடிகளை மேலும் நீண்டு சுருளச் செய்கிறது. அமெரிக்க ஆய்வாளர் மார்க்கீ, குரங்கின் கண்ணினுள் இப்படையின் சிறு துண்டுகளை ஒட்டவைத்து, இச்சுருள் நாடிகளின் மாற்றங்களை நேரில் அவதானித்து, 1940ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

முட்டை வெளியேறி 6 முதல் 10 நாட்களில் கரு இங்கே பதிகிறது. கரு பதியாவிட்டால் ஓமோன்கள் குறைந்து, நாடிகள் சுருங்கி, படை மீண்டும் கழலும். கரு பதிந்தால் அதே நாடிகள் அகன்று சூல்வித்தகத்துக்குக் குருதி கொடுக்கும். அவை போதியளவு அகலாவிட்டால் தாய்க்குக் குருதியழுத்தம் கூடலாம். குழந்தையின் வளர்ச்சி குன்றலாம். கர்ப்பிணிகளின் குருதியழுத்தத்தைக் கிளினிக்கில் தவறாது பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓமோன் குறைபாடு, கருப்பையில் ஏற்படும் காசநோய், கிருமித்தொற்று விட்டுச்சென்ற தழும்பு என்பன இப்படையைப் பாதிக்கக்கூடும். இவை நோய்கள், சாபமல்ல. குருதிக்கலன்களை வளர்த்துப் பிள்ளைப்பேற்றை உறுதிசெய்யும் மருந்து எதுவும் இதுவரை நிறுவப்படவில்லை. ஆகவே விளம்பரங்களை நம்பிக் காசை இழக்காதீர்கள்.

இன்னொரு உண்மையும் உண்டு. பிள்ளையில்லாத தம்பதியரில் ஏறத்தாழ அரைவாசிப் பேரிடம், ஆணின் குறைபாடு தனியாகவோ பெண்ணின் குறைபாட்டுடன் சேர்ந்தோ காணப்படுகிறது. ஆணுக்குரிய முதற் பரிசோதனையான விந்துப் பரிசோதனை மிக எளிதானது. ஒரு வருடம் முயன்றும் கருத்தரிக்காவிட்டால், மனைவிக்கு 35 வயதுக்கு மேலெனில் ஆறு மாதத்திலேயே, இருவரும் சேர்ந்து வைத்தியரிடம் செல்லுங்கள்.

விளைச்சல் பொய்த்தால் நல்ல கமக்காரன் நிலத்தை மட்டும் திட்டுவதில்லை. விதைநெல்லையும் எடுத்துப் பார்ப்பான். வயலுக்குக் காட்டும் அந்த நியாயத்தை வீட்டிலுள்ள பெண்ணுக்கும் காட்டுவோம்.