இன்வெர்ட்டர் பேட்டரியை லித்தியத்துக்கு மாற்றலாமா? வீட்டுக்கும் பவர் டேபிளுக்கும் ஒரு கணக்கு

‘மாதாந்திரப் பராமரிப்புப் பணி காரணமாக காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மின்தடை’. நாளிதழில் இந்த அறிவிப்பைப் பார்த்ததும் திருப்பூரில் பலரும் முதலில் தேடுவது தங்கள் ஏரியா பெயரைத்தான். அடுத்து இன்வெர்ட்டர் பக்கம் போய் பேட்டரிக்குக் கடைசியாக எப்போது தண்ணி ஊற்றினோம் என்று யோசிப்பார்கள். பெரும்பாலும் ஞாபகம் இருக்காது.

2012-ஐ மறக்க முடியாது. சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் போன காலம் அது. வசதியான கம்பெனிகள் ஜெனரேட்டரில் ஓடின. நாலு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்தவர்கள் ஷிப்டை ராத்திரிக்கு மாற்றினார்கள். வீடுகளில் இன்வெர்ட்டர் குடியேறியதும் அப்போதுதான். அன்று வாங்கிய ட்யூபுலர் பேட்டரிகள் இரண்டு முறையாவது மாறியிருக்கும். இப்போது மூன்றாவது முறை மாற்றப் போனால் கடைக்காரர் கேட்கிறார்: “லித்தியம் போட்றலாமுங்களா? தண்ணி ஊத்த வேண்டாம், பத்து வருசத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாமுங்க.”

போடலாமா? எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது. கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

பேட்டரியில் எழுதியிருப்பதும் கையில் கிடைப்பதும்

150 ஆம்பியர்-மணி ட்யூபுலர் பேட்டரியை எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட்டால் பெருக்கினால் 1,800 வாட்-மணி, அதாவது 1.8 யூனிட். ஆனால் அந்த 150 என்பது இருபது மணி நேரம் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் அளவு. மூன்று, நாலு மணி நேரத்தில் வேகமாக உறிஞ்சினால் ஈய-அமில பேட்டரி அவ்வளவு தராது. போதாததற்கு, ஒவ்வொரு முறையும் அடிமட்டம் வரை காலி செய்தால் அதன் ஆயுசும் குறையும். பாதி வரை எடுத்து நிறுத்துவதுதான் அதற்கு நல்லது.

வீட்டு இன்வெர்ட்டருக்கு வரும் லித்தியம் பேட்டரிகளில் பெரும்பாலானவை லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. ஒரு செல் 3.2 வோல்ட், நாலு செல் சேர்ந்தால் 12.8 வோல்ட். 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1,280 வாட்-மணி இருக்கும். இதில் 90 சதவீதம் வரை தயங்காமல் எடுக்கலாம். வேகமாக எடுத்தாலும் அளவு பெரிதாகக் குறையாது.

இனி வீட்டுக்கு வருவோம். பழைய சீலிங் ஃபேன் மூன்று (தலா 75 வாட்), எல்.இ.டி. பல்பு ஐந்து, ஒரு டிவி, வைஃபை பெட்டி. மொத்தம் 340 வாட் வரும். இன்வெர்ட்டரில் போகும் இழப்பைக் கழித்தால் 100 ஆம்பியர்-மணி லித்தியம் சுமார் மூன்று மணி நேரம் தாங்கும். 150 ஆம்பியர்-மணி ட்யூபுலரும், புதிதாக இருக்கும் வரை, ஏறக்குறைய அதே நேரம்தான் ஓடும். ஆக, ‘100 லித்தியம், 150 ட்யூபுலருக்குச் சமம்’ என்று கடையில் சொல்வது பொய் இல்லை. ஆனால் அதைவிடக் கூடுதலாக ஓடும் என்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

பேட்டரியைத் தொடாமலேயே இந்தக் கணக்கை மாற்ற ஒரு வழி இருக்கிறது. அந்த மூன்று ஃபேனையும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேனாக மாற்றினால் மொத்த லோடு 205 வாட்டுக்கு இறங்கிவிடும். அதே பேட்டரி ஐந்து மணி நேரத்தை நெருங்கும். கரண்ட் பில்லும் குறையும். பேட்டரிக்கு முன்னால் ஃபேனை மாற்றுங்கள் என்று எந்த பேட்டரிக் கடையிலும் சொல்ல மாட்டார்கள். அதனால் இங்கே சொல்லி வைக்கிறோம்.

மூவாயிரம் சைக்கிள் யாருக்கு?

லித்தியத்தை விற்கும்போது முதலில் சொல்வது சைக்கிள் கணக்கு: “இது மூவாயிரம் சைக்கிள் வருமுங்க.” ஒரு முறை முழுதாகக் காலியாகி நிறைவது ஒரு சைக்கிள். சூரிய மின்சக்தியில் தினமும் ராத்திரி ஓடும் வீட்டுக்கு அது எட்டு வருஷக் கணக்கு, அங்கே அர்த்தம் இருக்கிறது. ஆனால் இன்று திருப்பூரில் மாசம் ஒரு முழுநாள் ஷட்-டவுன், இடையில் அரை மணி, ஒரு மணி என்று போய் வருவது. கூட்டிப் பார்த்தால் வருஷத்துக்கு முப்பது சைக்கிள் ஆகுமா? மூவாயிரத்தை முப்பதால் வகுத்தால் நூறு வருஷம். பேட்டரி அதுவரை காத்திருக்காது.

லித்தியம் சும்மா இருந்தாலும் வயசாகும். சூட்டில் வேகமாக வயசாகும். எப்போதும் 100 சதவீதம் நிரம்பிய நிலையிலேயே கிடந்தால் இன்னும் கொஞ்சம் வேகமாக. அதனால் அபூர்வமாகக் கரண்ட் போகும் வீட்டுக்காரர் கேட்க வேண்டியது சைக்கிள் எண்ணிக்கையை அல்ல. எத்தனை வருஷ வாரண்டி, அதில் எத்தனை வருஷம் புதுசாக மாற்றித் தருவார்கள், உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் போர்டு கெட்டால் யார் பொறுப்பு என்பதைத்தான் கேட்க வேண்டும். செல் நன்றாக இருந்தும் போர்டு போனால் பேட்டரி செத்ததுதான்.

வரியிலும் ஒரு மாற்றம் வந்துவிட்டது. முன்பு லித்தியம் பேட்டரிக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், மற்ற பேட்டரிகளுக்கு 28. 2025 செப்டம்பர் 22 முதல் எல்லாமே 18. பழைய ட்யூபுலரைக் கொடுத்தால் ஈயத்துக்காக எடை பார்த்துக் கழித்துக்கொள்கிறார்கள். வீட்டு லித்தியத்துக்கு அப்படி ஒரு எக்ஸ்சேஞ்ச் பழக்கம் இன்னும் ஊன்றவில்லை. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய லித்தியத்தைத் திரும்ப எடுத்து மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. வாங்கும்போதே அதைக் கேட்டுவிடுங்கள்.

மச்சான் வீட்டில் நடந்தது

15 வேலம்பாளையத்தில் இருக்கும் என் மச்சான் கணக்கெல்லாம் பார்க்கவில்லை. ஆறு வருஷப் பழைய இன்வெர்ட்டரை அப்படியே வைத்துக்கொண்டு பேட்டரியை மட்டும் லித்தியமாக மாற்றினார். ட்யூபுலர் விலையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. “அட, கையில தூக்கிட்டு வந்துட்டானுங்க மாப்ள” என்று அதிசயித்தார். உண்மைதான். ட்யூபுலர் ஐம்பது கிலோவுக்கு மேல், இது பன்னிரண்டு, பதிமூன்று கிலோ.

ஒரு ஷட்-டவுன் நாளில் மதியத்துக்கு மேல் வீடு பொசுக்கென்று இருண்டது. அதுவரை பிரச்சினை இல்லை. மாலை கரண்ட் வந்த பிறகும் இன்வெர்ட்டர் சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டே இருந்தது, சார்ஜ் ஏறவில்லை. பேட்டரி விற்றவர் இன்வெர்ட்டரைக் குறை சொன்னார். இன்வெர்ட்டர் ஆள் வந்து பேட்டரியைக் குறை சொன்னார். இரண்டு பேர் சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது.

லித்தியம் பேட்டரிக்குள் பி.எம்.எஸ். என்ற காவல் போர்டு இருக்கிறது. நாலு செல்லில் ஏதாவது ஒன்று சுமார் 2.5 வோல்ட்டுக்கு இறங்கினாலும் அது மொத்த பேட்டரியையும் துண்டித்துவிடும். பழைய இன்வெர்ட்டர்கள் பேட்டரியின் மொத்த வோல்ட்டேஜை மட்டும் பார்த்து 10.5-ஐ ஒட்டி நிற்கும்படி செய்யப்பட்டவை. மற்ற மூன்று செல்லும் தெம்பாக இருக்க, ஒன்று மட்டும் முன்னால் களைத்துப் போனால் இன்வெர்ட்டருக்கு முன்பே போர்டு முந்திக்கொள்ளும். அப்புறம் இன்வெர்ட்டருக்குத் தெரிவது பூஜ்யம் வோல்ட். ‘பேட்டரியே இல்லை’ என்று முடிவு செய்து சார்ஜ் அனுப்பாது. சார்ஜ் வராமல் போர்டும் கண் திறக்காது. கடைசியில் எலக்ட்ரீஷியன் தம்பி தனி சார்ஜர் ஒன்றைக் கொண்டுவந்து உயிர் கொடுத்தார்.

சார்ஜ் ஏற்றும் பக்கமும் இதே கதைதான். இந்த வகை லித்தியத்துக்கு 14.2 முதல் 14.6 வோல்ட் வரை போதும். ட்யூபுலருக்காக அமைத்த சில இன்வெர்ட்டர்கள் அவ்வப்போது 15 வோல்ட்டையும் தாண்டும். ஈய பேட்டரிக்கு அது மருந்து. லித்தியத்தில் பி.எம்.எஸ். கதவைச் சாத்திக்கொள்ளும். இன்வெர்ட்டர் முகப்பில் காட்டும் சதவீதத்தையும் நம்ப முடியாது. லித்தியத்தின் வோல்ட்டேஜ் நிறைந்த நிலையிலிருந்து கிட்டத்தட்ட கடைசி வரை ஒரே மட்டத்தில் நின்றுவிட்டு, முடியும்போது சரேலென்று விழும். மச்சான் வீடு பொசுக்கென்று இருண்டதற்கு அதுவே காரணம். ‘சீக்கிரம் சார்ஜ் ஏறும்’ என்ற பெருமையும் பழைய இன்வெர்ட்டரில் எடுபடாது. அது தருவதே பத்து, பதினைந்து ஆம்பியர் என்றால் 100 ஆம்பியர்-மணி நிரம்ப ஏழு முதல் பத்து மணி நேரம் ஆகத்தான் செய்யும்.

ஆகவே லித்தியம் என்று முடிவு செய்தால் அதற்கான செட்டிங் உள்ள இன்வெர்ட்டரோடு சேர்த்தே விலை கேளுங்கள். பழைய ட்யூபுலர் ஒன்று, புது லித்தியம் ஒன்று என்று ஜோடி சேர்த்து 24 வோல்ட் ஆக்கவே கூடாது.

பவர் டேபிளுக்கு எடுபடுமா?

சின்ன ஜாப் ஒர்க் கம்பெனிகளில் கேள்வி வேறு. சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் என்று எட்டு மெஷின் இருக்கிறது. பழைய கிளட்ச் மோட்டார் என்றால் தைத்தாலும் தைக்காவிட்டாலும் சுற்றிக்கொண்டே இருக்கும், ஒவ்வொன்றும் 400 வாட்டை ஒட்டி இழுக்கும். எட்டும் சேர்ந்தால் 3,200 வாட். சர்வோ மோட்டார் மிதித்தால்தான் சுற்றும். சராசரியாக ஒன்றுக்கு 150 வாட் என்று தாராளமாகவே வைத்தாலும் எட்டுக்கு 1,200. வீட்டில் ஃபேனை மாற்றிய அதே கணக்குதான் இங்கேயும்: முதலில் மோட்டார், பிறகு பேட்டரி.

லைட், ஃபேன் சேர்த்து 1,850 வாட் என்றால் மூன்று மணி நேரத்துக்கு ஐந்தரை யூனிட். இழப்பையும் சேர்த்தால் ஆறு யூனிட்டுக்கு மேல் கொள்ளளவு வேண்டும். 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் இருப்பது 5.1 யூனிட்தான், பத்தாது. ஒரு மணி, ஒன்றரை மணி தடைகளைச் சமாளிக்க அது சரி. முழுநாள் ஷட்-டவுனுக்கு ஜெனரேட்டரை வாடகைக்கு எடுப்பதே மலிவு. லிட்டர் டீசலுக்கு மூன்று, மூன்றரை யூனிட்தான் வரும், சத்தமும் புகையும் வேறு. ஆனால் மாசத்தில் ஒரு நாளுக்காக லட்சக்கணக்கில் பேட்டரி வாங்கி வைப்பது வீண். அயர்ன் பாயிலரை இன்வெர்ட்டரில் போடும் யோசனை இருந்தால் அதை விட்டுவிடுங்கள். பல்லடம் பக்கத்து விசைத்தறிக்காரர்களும் கேட்கிறார்கள். தறி மோட்டார் கிளம்பும் நொடியில் இழுக்கும் கரண்ட்டுக்கு வீட்டு வகை பேட்டரியின் பி.எம்.எஸ். கையைத் தூக்கிவிடும்.

மாடியில் சோலார் போட்டவர்களின் ஆதங்கம் தனி. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. ஆனால் பேட்டரி இல்லாத சாதாரண சோலார் இணைப்பு, கரண்ட் போனால் வெயில் கொளுத்தினாலும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேன் மீது உங்கள் வீட்டு மின்சாரம் பாயாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. ஹைபிரிட் இன்வெர்ட்டரும் லித்தியமும் இருந்தால் பகலில் நிரப்பி எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். தினசரி சைக்கிள் ஓடுவதால் லித்தியத்தின் விலைக்கு நியாயம் கிடைப்பது இங்கேதான்.

இன்னொரு இடமும் உண்டு. பஸ் பாடி கட்டும் கரூர் பக்கத்தில்தானே இருக்கிறது. கேரளம் 2021-ல் கேரவன் சுற்றுலாவை அறிவித்த பிறகு, வேனையே வீடாக்கும் ஆசை இங்கும் சிலருக்கு வந்திருக்கிறது. எடையும் இடமும் முக்கியமான வண்டியில் லித்தியம் கச்சிதம். ஆனால் என்ஜின் ஆல்டர்னேட்டரிலிருந்து வயரை நேராக இழுத்துவிடக் கூடாது. லித்தியம் கிடைப்பதை எல்லாம் உறிஞ்சும், ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகும். நடுவில் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் டி.சி.-டி.சி. சார்ஜர் கட்டாயம் வேண்டும்.

தீப்பிடிக்குமா?

2022 மார்ச்சில் வேலூரில் சார்ஜில் இருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, வீட்டில் இருந்த தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். அதிலிருந்து லித்தியம் என்றாலே ஒரு பயம். அது நியாயமான பயமும்கூட. லித்தியத்தில் பல வகை உண்டு. நிக்கல், கோபால்ட் கலந்தவற்றைவிட இரும்பு பாஸ்பேட் வகை அதிகச் சூட்டைத் தாங்கும், எளிதில் தீயாக மாறாது. அதனால் பில்லில் எந்த வகை என்று எழுதி வாங்குங்கள்.

இந்த வகை வந்த வழியில் ஒரு தமிழரும் நிற்கிறார். தென் தமிழகத்தின் அமராபுரம் கிராமத்தில் பிறந்த அருமுகம் மந்திரம், 1980-களில் ஜான் குட்இனஃபுடன் சேர்ந்து இரும்பு சல்பேட் போன்ற சேர்மங்களை ஆராய்ந்தார். பாஸ்பேட்டுக்கு வழி திறந்த ஆராய்ச்சிகளில் அதுவும் ஒன்று. 2019-ல் வேதியியல் நோபல் கிடைத்தபோது குட்இனஃபுக்கு 97 வயது. அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரை நிகழ்த்தியவர் மந்திரம்.

வேதியியல் நல்லதாக இருந்தாலும் வயர் கெட்டால் கெட்டதுதான். 1,000 வாட் எடுத்தால் 12.8 வோல்ட் பக்கம் 78 ஆம்பியர், இழப்பையும் சேர்த்தால் 90-ஐ நெருங்கும். மெல்லிய வயரும் தளர்ந்த போல்ட்டும் அதில் பழுக்கக் காயும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே டி.சி. ஃபியூஸ் இருக்க வேண்டும். திருப்பூருக்கென்றே ஒரு எச்சரிக்கையும் உண்டு: பஞ்சு. ஓவர்லாக் ஓடும் அறையில் இன்வெர்ட்டர் ஃபேனின் உள்ளே ஆறு மாசத்தில் மெத்தை மாதிரி பஞ்சு படிந்துவிடும், சூடு வெளியேறாது. கட்டிங் வேஸ்ட் மூட்டையை பேட்டரி மேலேயே சாய்த்து வைப்பதையும் பல இடங்களில் பார்க்கலாம்.

மச்சான் அப்புறம் லித்தியம் செட்டிங் உள்ள புது இன்வெர்ட்டரும் வாங்கினார், மொத்தச் செலவு முதலில் நினைத்ததைவிட எங்கோ போய்விட்டது. வேஸ்ட் மூட்டைகளை இப்போது மாடிப்படிக்குக் கீழே மாற்றியிருக்கிறார். பழைய இன்வெர்ட்டரைத் தலையில் கட்டலாமா என்று நேற்று எனக்குப் போன் செய்தார். எங்கள் வீட்டு ட்யூபுலர் இன்னும் ஓடுகிறது, ஃபேனை மட்டும் மாற்றப் போகிறோம் என்று சொல்லிவிட்டேன்.