சாயத்தண்ணியும் காயத்துணியும்

எங்கட இரத்தினபுரித் தோட்டப் பக்கம் சாயத்தண்ணி என்றால் பால் சேராத தேத்தண்ணிதான். சீனி கரைத்த சாயத்தண்ணியை ஆறவிட்டு, கொம்புச்சா உறையிட்டு, மெல்லிய துணியால் மூடி இரண்டு கிழமை வைத்தால் மேலே தடித்த ஆடை ஒன்று படியும். சும்மா அழுக்கு என்று நினைக்க வேண்டாம். அது செலுலோசு; பஞ்சிலும் கடதாசியிலும் உள்ள அதே பொருள். உறையிலுள்ள பற்றீரியா சீனியைத் தின்று நெய்தது. 1886இல் ஏ. ஜே. பிரவுண் என்ற ஆங்கில இரசாயனவியலாளர் இதைக் கண்டறிந்தார்.

குப்பி விளக்கு சரிந்து வெந்தவர்களை நம் நாடு நிறையக் கண்டிருக்கிறது. அதற்காகவே பாதுகாப்பான விளக்கை வடிவமைத்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புரவுக்கு 1998இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அப்படி வெந்த தோலுக்கு மேல் கட்ட, பற்றீரியாச் செலுலோசுத் தாளை 1980களிலேயே பிரேசிலில் பயன்படுத்தினார்கள். ஈரம் காக்கும், உடம்பு அதை எதிரியாக நினைத்துச் சண்டைக்குப் போவது குறைவு.

ஆனால் காயத்தை மூடுவது வேறு, இழந்த இழையத்தை வளர்ப்பது வேறு. பந்தல் இல்லாமல் பாகற்கொடி படராது. கலங்களுக்கும் ஒரு பந்தல் வேண்டும். பந்தலில் துளைகள் வேண்டும். குருதிக் கலனிலிருந்து 0.2 மில்லிமீற்றர் அளவு தள்ளிப்போனாலே கலம் ஒட்சிசன் இன்றிச் செத்துவிடும். ஆகவே கலன்கள் உள்ளே நுழைய வழி இருக்க வேண்டும். சாயத்தண்ணி ஆடையின் இழைகளோ மிக நெருக்கம்; கலம் ஆழமாகப் போக முடியாது. அதனால் ஆடை வளரும்போதே மெழுகு மணிகளை இட்டு, பிறகு கரைத்தெடுத்துத் துளை உண்டாக்குகிறார்கள்.

கனடாவின் ஒட்டாவாப் பல்கலைக்கழகத்தில் அண்ட்ரூ பெல்லிங் குழுவினர் தயாராகத் துளையுள்ள பொருளையே தேடினார்கள். அகப்பட்டது அப்பிள்! மெல்லிய துண்டைச் சவர்க்காரம் போன்ற ஒரு கரைசலில் கழுவினால் பழத்தின் கலங்கள் போய்விடும். கலச்சுவர்கள் மட்டும் தேன்கூடு போல நிற்கும். அதில் எலியின் கலங்களும் மனிதக் கலங்களும் வளர்ந்ததை 2014இல் வெளியிட்டார்கள். 2016இல் அதே கூட்டை எலிகளின் தோலடியில் வைத்து எட்டுக் கிழமை பார்த்தார்கள். உள்ளே குருதிக் கலன்கள் ஓடியிருந்தன.

குறையும் உண்டு. செலுலோசைக் கரைக்கும் நொதியம் மனித உடம்பில் இல்லை. வைத்த பந்தல் வைத்தபடியே கிடக்கும். என்புக்குள் அது தாங்கலாக இருக்கலாம். தானே மறைய வேண்டிய இடத்தில் தொல்லை. ஒட்சியேற்றிய செலுலோசு மட்டும் கரையும். சத்திரசிகிச்சையில் இரத்தத்தை நிறுத்த அதை ஏற்கெனவே வைக்கிறார்கள்.

இன்னொன்று நமக்கு முக்கியம். இன்று பயனிலுள்ள பல பந்தல்கள் பன்றியின் அல்லது மாட்டின் கொலாஜனால் ஆனவை. ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே ஹலால் கேள்வி எழுந்துவிடுகிறது. நிர்ப்பந்தத்தில் விலக்கப்பட்டதும் ஆகுமாகும் என்ற விதி ஃபிக்ஹில் இருக்கிறது. ஆனாலும் தாவரம் கைவசம் இருக்கும்போது அந்த நிர்ப்பந்தம் எதற்கு? கொம்புச்சாவில் மதுவமும் சேர்வதால் சிறிது அற்ககோல் உண்டாகுமே என்பார்கள். மருத்துவத் தாளுக்குப் பற்றீரியாவை மதுவமின்றித் தனியே வளர்க்கலாம். விளைந்த தாளைக் காரத்தில் கொதிக்கவைத்துக் கழுவியும் விடுகிறார்கள். பற்றீரியா கேட்பது சீனியும் கொஞ்சம் நைதரசனும்தான். அந்த நைதரசன், தொழிற்சாலைகள் ஒதுக்கும் கழிவுத் தேயிலையிலும் இருக்கிறது.