கேபினட்டுக்குள் வந்த வெள்ளைத் தூசி

கம்ப்யூட்டர் தானாக அணைந்து போகிறது என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “கேபினட்டைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்?” பெரும்பாலும் பதில் வராது. சென்ற ஆண்டு அக்டோபரில் இதே கேள்வியை அமெரிக்காவில் இருக்கும் என் பேரனிடம் கேட்டேன். அதற்கான பதில் கேபினட்டோடு நிற்கவில்லை. வீட்டின் தரைக்கு அடியில் ஓடும் தகரக் குழாய்கள் வரை எங்களை இழுத்துச் சென்றது. இடையில் 1,800 டாலர் செலவாக வேண்டியது மயிரிழையில் தப்பியது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இதில் பயன்படும் செய்திகள் உண்டு. உங்கள் பிள்ளைகள் வெளிநாட்டில் வீடு வாங்கியிருந்தால் கூடுதலாகவே உண்டு.

வைரஸ் இல்லை, வெப்பம்

என் மகளும் மாப்பிள்ளையும் நியூ ஜெர்சியில் பழைய வீடு ஒன்றை வாங்கினார்கள். இரண்டு அறைகளில் சுவர்களை மாற்றிக் கட்டி, ஆகஸ்ட் மாதம் குடியேறினார்கள். ஏழாம் வகுப்பு படிக்கும் பேரனுக்குப் புது டெஸ்க்டாப் கம்ப்யூட்டர். மேஜையில் இடம் போதவில்லை என்று கேபினட்டை ஜன்னலோரம் தரையில் வைத்துவிட்டான்.

இரண்டே மாதத்தில் தொல்லை ஆரம்பித்தது. பள்ளிக்கான ப்ராஜெக்ட்டை டைப் செய்துகொண்டிருக்கும்போதே திரை கறுத்துவிடும். சேவ் செய்யாத பக்கங்கள் போய்விடும். “வைரஸ்தான் தாத்தா” என்றான். ஆன்டி வைரஸ் புரோகிராம் எதையும் கண்டுபிடிக்கவில்லை.

நான் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். இயக்கிய இருபதாவது நிமிடம் அணைந்தது. உடனே மீண்டும் இயக்கினால் ஐந்து நிமிடத்தில் அணைந்தது. அரை மணி நேரம் ஓய்வு கொடுத்தால் மறுபடி இருபது நிமிடம் ஓடியது. இந்த அடையாளத்தைப் புதியவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஓய்வெடுத்தால் சரியாகும் கோளாறு பெரும்பாலும் வெப்பத்தால் வருவது. ப்ராசசர் அளவுக்கு மீறிச் சூடானால், தான் எரிந்துவிடாமல் இருக்கக் கம்ப்யூட்டரைத் தானே நிறுத்திவிடும். பயாஸ் திரையில் பார்த்தேன். ப்ராசசரின் வெப்பநிலை 88 டிகிரி செல்சியஸ். வேலை எதுவும் இல்லாத நேரத்தில் இது மிகவும் அதிகம்.

மின் இணைப்பை எடுத்துவிட்டு, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். ப்ராசசரின் மேல் ஹீட் சிங்க் என்ற உலோகப் பகுதி இருக்கும். அடுக்கடுக்கான மெல்லிய தகடுகள் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். விசிறி அவற்றினூடே காற்றைச் செலுத்தி வெப்பத்தை வெளியேற்றும். பேரனின் கம்ப்யூட்டரில் அந்தத் தகடுகளுக்கு இடையே இடைவெளியே இல்லை. கம்பளித் துணி போலத் தூசி படிந்திருந்தது. விசிறி சுற்றியது; காற்றுதான் உள்ளே போகவில்லை.

எனக்கு வியப்பு அளித்தது தூசியின் நிறம். சாதாரண வீட்டுத் தூசி சாம்பல் நிறத்தில் இருக்கும். இது கோலமாவு போல வெள்ளையாக இருந்தது.

வீடே ஒரு பெரிய கேபினட்

அந்த ஊர் வீடுகளின் காற்று அமைப்பைப் புரிந்துகொண்டால் மீதி விளங்கும். நம் ஊரைப் போல அறைக்கு அறை ஏசி இல்லை. பல வீடுகளில் தரைக்குக் கீழ் உள்ள அறையில் ஒரே ஒரு பெரிய இயந்திரம் இருக்கும். குளிர்காலத்தில் அது காற்றைச் சூடாக்கும். கோடையில் அதே விசிறியும் அதே குழாய்களும் குளிர்ந்த காற்றைக் கொண்டு செல்லும். சுவரில் உள்ள பெரிய கம்பி வலை வழியே வீட்டின் காற்று உள்ளே இழுக்கப்படும். அது ஒரு ஃபில்டரைக் கடந்து, சூடாகியோ குளிர்ந்தோ, தகரக் குழாய்கள் வழியே ஒவ்வோர் அறைக்கும் போகும். அறையின் தரையில் உள்ள துவாரங்கள் வழியே வெளிவரும்.

யோசித்துப் பாருங்கள். உங்கள் கேபினட்டும் இப்படித்தான். முன்பக்கம் காற்று நுழைகிறது, ஹீட் சிங்கைக் கடக்கிறது, பின்பக்கம் வெளியேறுகிறது. இரண்டிலும் காற்று போகும் வழியில்தான் தூசியும் போகும்.

பேரனின் கேபினட் தரைத் துவாரத்துக்கு ஓரடி தள்ளி இருந்தது. துவாரத்தின் மூடியைக் கழற்றி, மொபைல் போனை உள்ளே நீட்டிப் படம் எடுத்தேன். விரல் தடிமனுக்கு வெள்ளைத் தூள், உடைந்த பலகைத் துண்டுகள், நான்கைந்து திருகாணிகள், ஒரு சாக்லெட் உறை.

விஷயம் புரிந்தது. அமெரிக்க வீடுகளின் உட்சுவர்கள் பெரும்பாலும் ஜிப்சம் பலகைகளால் ஆனவை. பலகைகளின் இணைப்பைப் பூசித் தேய்க்கும்போது நுண்ணிய வெள்ளைத் தூள் பறக்கும். அந்த வேலை நடக்கும்போது துவாரங்களை மூடி, விசிறியையும் நிறுத்தி வைக்க வேண்டும். யாரும் செய்யவில்லை. ஃபில்டரைப் போய்ப் பார்த்தேன். முந்தைய சொந்தக்காரர் போட்டது. அழுக்கு ஏறி, காற்று இழுத்த இழுப்பில் நடுவில் வளைந்து, ஓரத்தில் இடைவெளி விட்டிருந்தது.

99 டாலர் விளம்பரம்

பேரனுக்கு அவ்வப்போது வீசிங் வரும். அந்த வாரம் இரண்டு இரவுகள் தூங்கவில்லை. தபாலில் வந்த ஒரு விளம்பரத்தை மகள் எடுத்து வைத்திருந்தாள். வீடு முழுவதற்கும் காற்றுக் குழாய் சுத்தம் செய்ய 99 டாலர் மட்டும்.

வந்தவர் பத்து நிமிடம் சுற்றிப் பார்த்தார். பிறகு தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். குழாய் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. 99 டாலர் வெறும் தொடக்கக் கட்டணமாம். பூஞ்சையை எடுத்து மருந்து அடிக்க 1,800 டாலர் ஆகுமாம். “இதைச் செய்தால் குழந்தைக்கு வீசிங் நின்றுவிடும்” என்றும் சொன்னார்.

மாப்பிள்ளை கார்டை எடுத்துவிட்டார். மகள் என்னிடம், “பணம் போனால் போகட்டும் அப்பா, பையன் மூச்சு விடணும்” என்றாள். அதற்கு மேல் என்ன பேசுவது? ஆனாலும் பழக்க தோஷம், அந்தப் படத்தை மறுபடி வாங்கிப் பார்த்தேன். படத்தில் இருந்தது உருண்டையான, மடிப்பு மடிப்பான பிளாஸ்டிக் குழாய். இந்த வீட்டில் இருப்பவை சதுரமான தகரக் குழாய்கள். “இது எந்த அறையில் எடுத்தது? எனக்கும் காட்டுங்கள்” என்றேன். வேறு வீட்டில் அவசர வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார்.

அரசு சொல்வது என்ன?

அன்று இரவே தேடிப் படித்தோம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, அதாவது இ.பி.ஏ., வீட்டுக் குழாய்களைச் சுத்தம் செய்வது பற்றி 1997இல் பொதுமக்களுக்கான கையேடு ஒன்றை வெளியிட்டது. அதன் சாரம் இது. குழாய்களைச் சுத்தம் செய்வதால் நோய் தடுக்கப்படுகிறது என்று நிரூபிக்கப்படவில்லை. ஆண்டுதோறும் வழக்கமாகச் செய்ய வேண்டிய வேலையும் அல்ல. கீழ்க்காணும் காரணங்கள் இருந்தால் செய்யலாம்:

1. குழாயின் உட்புறமோ இயந்திரத்தின் உட்பாகங்களோ கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பூஞ்சை பிடித்திருந்தால். பூஞ்சை வர ஈரம்தான் காரணம். அதைச் சரி செய்யாவிட்டால் மீண்டும் வரும்.

2. எலி, பூச்சி போன்றவை குடியேறியிருந்தால்.

3. தூசியும் குப்பையும் அடைத்து, துவாரங்கள் வழியே தூசி அறைக்குள் வந்துகொண்டிருந்தால்.

எங்கள் வீடு மூன்றாவது வகை. பூஞ்சை இல்லை, கட்டட வேலைத் தூள் நிச்சயம் இருந்தது. எனவே சுத்தம் செய்வது சரி; ஆனால் வீசிங்குக்கு மருந்தாக அல்ல என்று முடிவு செய்தோம். பேரனை மறுநாள் டாக்டரிடம் அழைத்துச் சென்றோம்.

முறையான வேலை எப்படி இருக்கும்?

1989இல் தொடங்கப்பட்ட நாட்கா என்ற தேசியச் சங்கம் இந்தத் தொழிலுக்கு விதிமுறைகள் வகுத்துள்ளது. அதில் உறுப்பினரான ஒரு நிறுவனத்தை அழைத்தோம். முதல் நாள் கேமராவை உள்ளே விட்டு எங்களுக்கே திரையில் காட்டினார்கள். 640 டாலர் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒரு வீட்டு அமைப்புக்கு 450 முதல் 1,000 டாலர் வரை ஆகலாம் என்று இ.பி.ஏ. சொல்கிறது. வீடு முழுவதும் 99 டாலர் என்றால் ஏன் சந்தேகப்பட வேண்டும் என்று இப்போது புரியும்.

இரண்டு பேர், ஏறக்குறைய நான்கு மணி நேரம். இயந்திரத்தின் மின்சாரத்தை முதலில் நிறுத்தினார்கள். முக்கியக் குழாயில் கையகலத் துளை போட்டு, பெரிய உறிஞ்சு இயந்திரத்தை இணைத்தார்கள். அதன் வெளிக்காற்று ஒரு தடித்த குழாய் மூலம் வீட்டுக்கு வெளியே போனது. எல்லாத் துவாரங்களையும் அடைத்துவிட்டு, ஒன்றை மட்டும் திறந்து, சுழலும் பிரஷ்ஷையும் அழுத்தக் காற்றையும் உள்ளே விட்டுத் தூசியை உறிஞ்சியின் பக்கம் தள்ளினார்கள். இப்படியே அறை அறையாகச் செய்தார்கள். விசிறி இறக்கைகள், குளிரூட்டும் சுருள், தண்ணீர் வடியும் தட்டு ஆகியவற்றையும் கழுவினார்கள். இது முக்கியம். ஒரு பகுதியை விட்டுவிட்டால் அங்குள்ள அழுக்கு மீண்டும் எல்லா இடத்துக்கும் போய்விடும். துளையைத் தகடு வைத்து மூடி, கடைசியில் மறுபடி கேமராவில் காட்டினார்கள். மருந்து எதையும் அடிக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

புது ஃபில்டர் போடும்போது மாப்பிள்ளைக்கு ஒன்று காட்டினேன். அதன் சட்டத்தில் ஓர் அம்புக்குறி இருக்கும். காற்று போகும் திசையில் அது இருக்க வேண்டும். ஃபில்டரில் மெர்வ் என்ற எண்ணும் உண்டு. எண் கூடக்கூட நுண்ணிய தூசியைப் பிடிக்கும்; காற்றோட்டத்தையும் தடுக்கும். அதனால் அந்த இயந்திரம் தாங்கக்கூடிய எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும்.

பலன் என்ன?

கம்ப்யூட்டரை நான் சுத்தம் செய்து மேஜை மேல் ஏற்றினேன். வெப்பநிலை 88இலிருந்து 44 டிகிரிக்கு இறங்கியது. அதன் பிறகு அணையவே இல்லை. ஒரு மாதம் கழித்துத் திறந்து பார்த்தபோது வெள்ளைத் தூள் இல்லை. பேரனின் வீசிங்? டாக்டர் கொடுத்த இன்ஹேலரை ஒழுங்காக எடுத்துக்கொள்ள ஆரம்பித்த பிறகு குறைந்தது. நவம்பரில் சளி பிடித்தபோது ஒரு முறை மீண்டும் வந்தது. குழாயைச் சுத்தம் செய்ததால்தான் குறைந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

உங்கள் கேபினட்டுக்கு வருவோம்

நம் ஊர் வீடுகளில் உள்ள ஸ்பிளிட் ஏசி, விண்டோ ஏசிக்கு இத்தகைய குழாய்கள் இல்லை. எனவே குழாய் சுத்தம் என்று யாராவது வந்தால் ஏமாற வேண்டாம். ஏசியின் முன் மூடிக்குள் உள்ள வலையை மாதம் ஒரு முறையாவது தண்ணீரில் கழுவிக் காயவைத்து மாட்டினால் போதும். உட்பகுதிகளை மெக்கானிக் சர்வீஸில் பார்த்துக்கொள்வார். கம்ப்யூட்டருக்குச் செய்ய வேண்டியவை இதோ:

1. கேபினட்டைத் தரையில் வைக்காதீர்கள். பின்பக்கத்துக்கும் சுவருக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

2. திறக்கும் முன் வாரண்டியைப் பாருங்கள். சீல் ஒட்டியிருந்தால் விற்றவரையே கூப்பிடுங்கள்.

3. ஷட் டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்துங்கள். தேங்கிய மின்சாரம் வெளியேறும்.

4. மொட்டை மாடிக்கோ வராந்தாவுக்கோ எடுத்துச் சென்று, மென்மையான பிரஷ், அழுத்தக் காற்று கேன் கொண்டு ஊதுங்கள். கேனை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். ஊதும்போது விசிறி இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சுற்றினால் பேரிங் கெடும்.

5. ஈரத்துணி கூடாது. வீட்டு வாக்குவம் கிளீனரை மதர்போர்டுக்கு அருகில் கொண்டு போகாதீர்கள். அதில் உருவாகும் நிலைமின்சாரம் பாகங்களைக் கெடுக்கலாம்.

6. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே ஆபத்தான மின்னழுத்தம் இருக்கும். வெளியிலிருந்து ஊதினால் போதும்.

சர்வீஸ் செய்பவரை அழைத்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். கோளாறு எங்கே இருக்கிறது, எனக்குக் காட்டுவீர்களா? மொத்தச் செலவு எவ்வளவு, எழுதித் தருவீர்களா? வேலைக்கு முன்பும் பின்பும் வெப்பநிலை எவ்வளவு? “மதர்போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும்” என்று திறக்காமலேயே சொல்பவரிடம் முதலில் தூசியை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

எங்களை 1,800 டாலரிலிருந்து காப்பாற்றியது கம்ப்யூட்டர் அறிவு இல்லை. “எனக்கும் காட்டுங்கள்” என்ற இரண்டு சொற்கள்தான். இந்த ஞாயிற்றுக்கிழமை கேபினட்டின் பின்பக்கத்தை ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். விசிறி வலையில் தூசி தெரிந்தால், உள்ளே அதைவிட அதிகமாக இருக்கும்.