ஒலிபரப்பு முடிந்த பிறகு

பிபிசி ரேடியோ 4-இல் 1998 முதல் வந்துகொண்டிருக்கும் ‘இன் அவர் டைம்’ நிகழ்ச்சியை வானொலியில் கேட்டால் முக்கால் மணி நேரம்தான். பாட்காஸ்டில் இன்னும் சில நிமிடங்கள் கூடுதலாகக் கிடைக்கும். 2025 வரை அதை நடத்திய மெல்வின் பிராக், வாரம் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு மூன்று அறிஞர்களைப் பேசவைப்பார். நேரம் முடிந்ததும் ஒலிப்பதிவை நிறுத்த மாட்டார்கள். எதையெல்லாம் சொல்லாமல் விட்டோம் என்று அவர்களிடம் கேட்பார். அதுவரை கடிகாரத்துக்குப் பயந்து அளந்து பேசியவர்கள் அப்போதுதான் மனம்விட்டுப் பேசுவார்கள். சற்றுமுன் சொன்னதைத் தாங்களே திருத்துவார்கள், மறுப்பார்கள், சிரிப்பார்கள். கடைசியில் தயாரிப்பாளர் உள்ளே வந்து டீயா, காபியா என்று கேட்பதும் பதிவாகியிருக்கும்.

அந்தச் சில நிமிடங்களுக்காகவே நான் முழு நிகழ்ச்சியையும் கேட்பேன். பாட்காஸ்ட் என்னை ஈர்ப்பது தகவலுக்காக அல்ல. அது புத்தகத்தில் இன்னும் தெளிவாகவே கிடைக்கும். ஒருவர் யோசிப்பதைக் காதால் கேட்க முடிவதுதான் காரணம்.

இதற்குக் கருவிகளும் துணை நிற்கின்றன. பேசுபவர் மிக அருகில் வரும்போது, ஸ்டுடியோ மைக்குகளில் பல குரலின் அடித்தொனியைத் தூக்கிக் கொடுக்கும். எதிரில் இருக்கும் ஒலிபெருக்கியிலிருந்து வரும் குரல் அறையில் எங்கோ நிற்கும். இயர்போனில் அதே குரல் தலைக்குள்ளேயே ஒலிப்பதுபோல் இருக்கும். கீரை ஆய்ந்துகொண்டோ துணி மடித்துக்கொண்டோ கேட்கும்போது கைக்கு வேலை இருக்கிறது, கண்ணுக்குப் பெரிதாக இல்லை. மனம் முழுவதும் அந்தக் குரலோடு போய்விடுகிறது.

2014-இல் வெளியான ‘சீரியல்’ என்ற பாட்காஸ்ட் தொடர் இந்த நெருக்கத்தின் பலத்தைக் காட்டியது. பால்டிமோரில் 1999-இல் நடந்த ஒரு கொலை வழக்கைச் சாரா கேனிக் 12 பகுதிகளில் ஆராய்ந்தார். பகுதிகள் வெளிவந்துகொண்டிருந்தபோதே அவருடைய விசாரணையும் நடந்துகொண்டிருந்தது. ஒரு வாரம் நம்பியதை மறுவாரம் சந்தேகித்தார், அதை மறைக்கவும் இல்லை. தண்டனை பெற்றவர் குற்றவாளிதானா என்பதற்கு உறுதியான பதில் இல்லாமலே தொடர் முடிந்தது. ஆனாலும் கோடிக்கணக்கான முறை அது தரவிறக்கப்பட்டது. அவருடைய குழப்பத்தில் நாமும் பங்காளிகளாகிவிட்டதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

தமிழில் எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. நம் பேச்சுக்கலை பட்டிமன்றத்திலும் உபன்யாசத்திலும் வளர்ந்தது. கடைசி வரிசை வரை எட்ட வேண்டிய குரல் அது, அங்கே அதற்கு ஈடில்லை. ஆனால் ஒற்றை ஆளின் காதுக்குள் அதே ஏற்ற இறக்கத்தோடு பேசினால் கேட்பவர் விலகிவிடுகிறார். திண்ணையில் உட்கார்ந்து பேசும் தமிழ் நம்மிடம் தாராளமாக இருக்கிறது. நன்றாகப் படித்த, அனுபவப்பட்ட பலர் மைக்கைக் கண்டதும் அதை விட்டுவிடுகிறார்கள். தயங்கிய இடங்களையும் இழுத்த மூச்சையும் எடிட்டிங்கில் வெட்டியெறிகிறார்கள். அவர்கள் எழுதிவைத்ததைப் படிப்பதை நிறுத்திவிட்டு, பேச்சுவாக்கில் சொல்வதை எனக்குக் கேட்க வேண்டும்.