கோடு போட்ட குட்டியைத் தொடாதே!

ஏற்காடு மலை. காப்பிச் செடிக்கு அடியில் ஒரு குட்டி நிற்கிறது. அணில் போல் முதுகில் கோடுகள். தூக்கிக் கொஞ்சத் தோன்றும்.

தூக்கினால் ஆபத்து! அது காட்டுப் பன்றிக் குட்டி. பக்கத்துப் புதரில் தாய் இருக்கும். குட்டி கத்தியதும் பாய்ந்து வந்து கடித்துக் குதறிவிடும்.

தலைவி

சேர்வராயன் மலைக் காடுகளில் காட்டுப் பன்றிகள் உண்டு. இந்தக் கூட்டத்துக்குத் தலைவன் கிடையாது. தலைவிதான்! வயதான தாய் முன்னே நடக்கும். மகள்களும் பேரக் குட்டிகளும் பின்னே வரும். வளர்ந்த ஆண் பன்றி தனியே திரியும். இணை சேரும் காலத்தில்தான் கூட்டத்தைத் தேடி வரும்.

பிரசவ அறை

சினைக் காலம் சுமார் 4 மாதம். குட்டி போடும் நேரம் நெருங்கியதும் தாய் கூட்டத்தை விட்டு விலகும். புதர் மறைவில் புல்லும் சுள்ளியும் சேர்த்து மெத்தை போடும். பெரும்பாலும் 4 முதல் 6 குட்டிகள் பிறக்கும்.

பால் குடிப்பதில் சண்டை வருமா? முதல் சில நாட்கள் வரும். பிறகு ஆளுக்கொரு காம்பு! ஒன்றின் காம்பை மற்றது பெரும்பாலும் தொடாது.

சில நாட்கள் கழித்துத் தாய் குட்டிகளுடன் கூட்டத்துக்குத் திரும்பும். அங்கே ஒரு தாய் மற்றொரு தாயின் குட்டிக்கும் பால் கொடுப்பது உண்டு. வெயிலும் நிழலும் கலந்த புதரில் குட்டியை மறைக்கும் கோடுகள், சில மாதங்களில் மறைந்துவிடும்.

விவசாயியின் கவலை

கிழங்குத் தோட்டத்தில் கூட்டம் புகுந்தால், ஒரே இரவில் உழைப்பெல்லாம் பாழ்! காப்புக் காட்டிலிருந்து 3 கிலோ மீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று தமிழக அரசு 2025-ல் உத்தரவிட்டது. மற்றவர்கள் சுடக் கூடாது. வெடி வைப்பதும் அனுமதியின்றி மின்வேலி போடுவதும் குற்றம். மனிதர் உயிரையும் அவை குடிக்கும்.

மலைப் பாதையில் கோடு போட்ட குட்டியைக் கண்டால் என்ன செய்வது? கல் எறியாதீர்கள். சத்தம் போடாமல் வந்த வழியே திரும்புங்கள். தாய் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்!