சிறு கணினியில் பெருங்கோலம்

மார்கழி விடியலில் மஞ்சக்குப்பத்துத் தெருக்களிலோ, ஆருத்ரா தரிசனத்துக்கு முந்தின நாள் தேர் ஓடும் சிதம்பரத்து நான்கு வீதிகளிலோ நடந்து சென்றவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். கோலம் போடத் தெரிந்த பெண்கள் பிறர் வாசலைப் பார்க்கும் விதமே தனி. அழகாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட மாட்டார்கள். எத்தனை புள்ளி, நேர்ப்புள்ளியா இடைப்புள்ளியா என்று எண்ணுவார்கள். இழை எங்கே தொடங்கி எங்கே வந்து கூடியது என்று கண்ணாலேயே தொடர்ந்து பார்ப்பார்கள். நடுவில் கை எடுத்த இடம், அழித்துத் திருத்திய தடம், மாவு தடித்துப்போன முனை எல்லாம் அவர்களுக்குப் பட்டுவிடும்.

தோழியரே, இதே கண்ணோடு கணினிப் படைப்புகளைப் பார்க்கும் ஒரு கூட்டத்தார் ஐரோப்பாவில் இருக்கிறார்கள். அவர்களுடைய கலையுலகத்துக்கு டெமோசீன் என்று பெயர். அவர்கள் செய்யும் படைப்பு டெமோ எனப்படும். டெமோ என்பது சில நிமிடங்கள் ஓடும் ஒரு நிரல். அதை இயக்கினால் திரையில் உருவங்கள் தோன்றி அசையும். கூடவே இசை ஒலிக்கும். விளையாட்டைப் போல நாம் அதில் எதையும் அழுத்த வேண்டியதில்லை. அதனால் பைசா வருமானமும் இல்லை. பிறகு எதற்காகச் செய்கிறார்கள் என்றால், தங்களைப் போன்ற பிறர் பார்த்து "இதை எப்படிச் செய்தான்?" என்று வியக்க வேண்டும் என்பதற்காகவே.

பிறப்பிடம் அவ்வளவு பெருமைக்குரியதன்று. 1980களின் தொடக்கத்தில் கணினி விளையாட்டுகளைப் படியெடுக்க முடியாதபடி பூட்டி விற்றார்கள். பூட்டை உடைத்த இளைஞர்கள், உடைத்தவர் இன்னார் என்று காட்ட, விளையாட்டின் முன்னால் தங்கள் பெயரை ஓடும் எழுத்துகளாகவும் ஒரு சிறு இசையோடும் சேர்த்துவிட்டார்கள். திருட்டு திருட்டுத்தான், அதற்கு நாங்கள் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் நாளடைவில் விளையாட்டை விட அந்தக் கையொப்பம் சிறப்பாகிவிட்டது. கையொப்பத்தை மட்டும் தனியே செய்து காட்டலாமே என்று பலர் பிரிந்து வந்தனர். 1982இல் வெளிவந்த கமோடோர் 64, 1985இல் வெளிவந்த அமிகா ஆகிய வீட்டுக் கணினிகளே அவர்களுடைய முதல் களங்கள். 1991இல் டென்மார்க்கில் தி பார்ட்டி, 1992இல் பின்லாந்தில் அசெம்பிளி என்று பெரிய கூடல்கள் தொடங்கின. 2011 முதல் ஜெர்மனியின் சார்ப்ரூக்கன் நகரில் ஈஸ்டர் விடுமுறையில் ரெவிஷன் என்ற கூடல் நடைபெறுகிறது. அங்கே பெரிய திரையில் ஒவ்வொரு படைப்பையும் ஓட்டிக் காட்டுவார்கள், வந்திருப்பவர்களே வாக்களிப்பார்கள். மேடையில் உட்கார்ந்த பெரியவர்கள் யாரும் மதிப்பெண் போடுவதில்லை.

அப்படியானால் அவர்கள் எதை நல்ல படைப்பு என்கிறார்கள்? இதுதான் எங்களுக்குச் சுவையாக இருந்த கேள்வி.

முதலாவது, காட்சி அந்த நேரத்தில் கணினியால் கணக்கிடப்பட்டு உருவாக வேண்டும். முன்பே படமெடுத்து வைத்ததை ஓட்டிக் காட்டினால் மதிப்பில்லை. இது ஏன் என்று நம் ஊர்ப் பெண்களுக்கு விளக்கவே வேண்டாம். வாசலில் ஒட்டும் கோலம் கடையில் கிடைக்கிறது. துளையிட்ட குழாயில் மாவை நிரப்பி உருட்டினால் கரையும் விழுந்துவிடுகிறது. பார்வைக்கு இரண்டும் குறையில்லாதவைதாம். இருந்தாலும் ஒட்டிய கோலத்தின் முன்னால் நின்று யாரும் இழையைத் தொடர்ந்து பார்ப்பதில்லை. அதில் கை தவறுவதற்கு இடமே இல்லையே! தவறக்கூடிய இடத்தில் தவறாமல் போவதைத்தான் நாம் பார்க்க நிற்கிறோம்.

இரண்டாவது, அளவு. நிரல் முழுவதும் 64 கிலோபைட்டுக்குள், அல்லது 4 கிலோபைட்டுக்குள், அல்லது 256 பைட்டுக்குள் அடங்க வேண்டும் என்று போட்டிகள் வைக்கிறார்கள். 256 பைட் எவ்வளவு என்பதை இப்படிப் பார்க்கலாம். இன்று பெரிதும் வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் வேண்டும். மெய்யின் புள்ளிக்கும், கொம்பு, கொக்கி போன்ற துணைக்குறிகளுக்கும் தனித்தனியே 3 பைட். "சிதம்பரம்" என்று ஒரு முறை எழுத 27 பைட் ஆகிறது. இடைவெளி விட்டு ஒன்பது முறை எழுதினால் 251 பைட். பத்தாவது சிதம்பரத்துக்கு இடமில்லை. இவ்வளவு சின்ன இடத்துக்குள், ஒன்றன்பின் ஒன்றாகப் பல அசையும் காட்சிகளையும் இசையையும் அடக்கிக் காட்டியது 2020ஆம் ஆண்டு ரெவிஷன் போட்டியில் வந்த "மெமரீஸ்" என்னும் படைப்பு. பெருந்தொற்றுக் காலம் ஆதலால் அவ்வாண்டுக் கூடல் இணையவழியே நடந்தது.

எப்படி அடங்குகிறது? படத்தைச் சேமிப்பதில்லை, படம் போடும் விதியைச் சேமிக்கிறார்கள். வாரப் பத்திரிகையில் கோலத்தின் கீழே "இடைப்புள்ளி, 7 முதல் 4 வரை" என்று ஒரு வரி அச்சிட்டிருக்கும். அந்த ஒரு வரி 37 புள்ளிகளையும் அவை நிற்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறது. 2000ஆம் ஆண்டு ஃபார்ப்ராவுஷ் என்ற ஜெர்மானியக் குழுவினர் "தி பிராடக்ட்" என்ற படைப்பை 64 கிலோபைட்டில் செய்தார்கள். பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும் முப்பரிமாணக் காட்சிகள் அதில் உண்டு. நம் கைப்பேசி எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் அதைப் போலப் பல மடங்கு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சுவரின் சொரசொரப்பு வேண்டுமானால், சுவரின் படத்தை அவர்கள் வைக்கவில்லை. புள்ளிகளைத் தூவு, கலை, வெளிச்சம் காட்டு என்பது போன்ற செய்முறைப் படிகளை வைத்தார்கள். 2009இல் "எலிவேட்டட்" என்ற படைப்பு 4 கிலோபைட்டில் ஒரு மலைத்தொடரையே எழுப்பியது. மலையின் உயரத்தை ஒரு சூத்திரம் தருகிறது. உயரத்தையும் சரிவையும் பார்த்து, பனி தங்கக்கூடிய இடத்தில் மட்டும் பனியை இடுகிறது நிரல். செங்குத்தான பாறையில் பனி நிற்காது என்ற அறிவு அந்தச் சிறு இடத்துக்குள் இருக்கிறது!

கோலத்துக்கும் கணினிக்கும் நாங்கள் வலிந்து முடிச்சுப் போடுகிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமனி, ராணி சிரோமனி, கமலா கிருதிவாசன் மூவரும் கோலத்தை ஒரு மொழியாகவே கொண்டு, அதன் இலக்கண விதிகளை ஆராய்ந்து 1974இல் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். மூவரில் இருவர் பெண்கள் என்பதை நம் பள்ளி மலரில் சொல்லாமல் விட மனமில்லை. கோலத்தினுள் கணக்கு ஒளிந்திருப்பதற்கு எளிய சான்று ஒன்று தருகிறோம். செவ்வகமாகப் புள்ளி வைத்து, அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவே எல்லா இடத்திலும் இழை குறுக்கே கடக்கும்படி சிக்குக் கோலம் போடுங்கள். வரிசையின் எண்ணிக்கைக்கும் நிரலின் எண்ணிக்கைக்கும் உள்ள மீப்பெரு பொது வகுத்தி எதுவோ, அத்தனை தனி இழைகள் வரும். மூன்றுக்கு நான்கு என்றால் ஒரே இழையில் முடியும். நான்குக்கு ஆறு என்றால் இரண்டு இழை. நான்குக்கு நான்கு என்றால் எத்தனை தலைகீழாக நின்றாலும் நான்கு இழைதான். ஒற்றை இழை வேண்டுமென்றால் எங்காவது கடக்கவிடாமல் வளைத்தாக வேண்டும். எங்கே வளைப்பது என்பதில்தான் போடுபவளின் சாமர்த்தியம் தெரிகிறது.

மூன்றாவது அளவுகோல், கருவியின் எல்லையை அறிந்து அதைத் தாண்டுவது. கமோடோர் 64 கணினியில் நினைவகம் 64 கிலோபைட், நிறங்கள் 16. படம் விழும் பகுதியைச் சுற்றி ஒரு சட்டம் இருக்கும். அதன்மேல் எதுவும் வரையமுடியாது என்பதே அமைப்பு. ஆனால் திரைக்கதிர் கீழ்வரியை எட்டும் சரியான கணத்தில் வரிசை எண்ணிக்கையை 25இலிருந்து 24ஆக மாற்றிவிட்டால், சட்டத்தைத் தொடங்க வேண்டிய இடம் கடந்துபோய்விட்டதென்று படச் சில்லு அதைப் போடாமலே விட்டுவிடுகிறது. உடனே சட்டம் இருந்த இடத்திலும் உருவங்கள் நடமாடலாம். கருவியைச் செய்தவர்கள் எண்ணிப்பாராத வழி இது. இதனால் எந்தக் கணினியில் ஓடுகிறது என்று தெரியாமல் டெமோவை மதிப்பிட முடியாது. இன்றைய கணினியில் ஒன்றுமில்லாத காட்சி, அன்றைய கணினியில் அரங்கையே எழுந்து நிற்கச் செய்திருக்கும்.

இன்னொன்று, சொந்த உழைப்பு. கண்ணை ஏய்க்கும் குறுக்குவழி அவர்களிடம் குற்றமில்லை. சொல்லப்போனால் அதுவே திறமை. பிறர் வரைந்த படத்தையோ நிரலையோ சொல்லாமல் எடுத்துக்கொள்வதுதான் பெருங்குற்றம். அதே சமயம் போட்டியாளரை மறப்பதும் இல்லை. பல டெமோக்களில் ஓரிடத்தில் மற்றக் குழுக்களின் பெயர்களை வரிசையாக ஓடவிட்டு வாழ்த்துச் சொல்வார்கள். இந்த வழக்கம் எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது.

இங்கேதான் ஒரு வழக்கு எழுகிறது. கடினமானது நல்லதா, அழகானது நல்லதா? வெறும் வித்தையைக் காட்டி முடிந்துபோகும் டெமோக்கள் ஏராளம். ஒரு காலத்தில் சுழலும் கனசதுரம் இல்லாத டெமோவே இல்லை என்னும்படி இருந்ததாம். முதல் கனசதுரம் அதிசயம்; நூறாவது அலுப்பு. 1993இல் அசெம்பிளியில் முதற்பரிசு பெற்ற "செகண்ட் ரியாலிட்டி" இன்றும் பேசப்படுகிறது. பின்லாந்தின் ஃபியூச்சர் க்ரூ என்ற குழுவினர் செய்தது. அதில் காட்சி மாறும் கணமும் இசை திரும்பும் கணமும் ஒன்றாகவே வருகின்றன. தாளம் தப்பாத நாட்டியம் போல. 2013இல், இருபதாம் ஆண்டு நினைவாக, அதன் மூலநிரலை அவர்களே வெளியிட்டார்கள். ரகசியங்கள் வெளிப்பட்ட பின்னும் அதன் மதிப்புக் குறையவில்லை. ஆகவே வித்தை என்பது உள்ளே நுழையும் சீட்டு மட்டுமே என்று எங்களுக்குத் தோன்றுகிறது. பெரிய கோலம் போட்டுவிட்டு நடக்க இடம் விடாதவளையும், சின்ன வாசலுக்கு அளவாக ஐந்து புள்ளியில் முடித்தவளையும் நாம் எப்படி எடைபோடுவோம்? அதேதான். எங்களுக்குள்ளேயே இதில் ஒருமித்த கருத்தில்லை. கணக்குப் பிரிவுத் தோழியர் சிலர் 256 பைட் சாதனைக்கே முதலிடம் என்று இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

பின்லாந்து 2020இலும், ஜெர்மனியும் போலந்தும் 2021இலும் டெமோசீனைத் தங்கள் நாட்டு வாழும் மரபுகளின் பட்டியலில் சேர்த்துக்கொண்டன. ஃபியூச்சர் க்ரூ குழுவைச் சேர்ந்த சிலர் 1995இல் ரெமெடி என்ற விளையாட்டு நிறுவனத்தைத் தொடங்கி உலகப் புகழ் பெற்றார்கள். எல்லாம் சரி; ஆனால் அந்தக் கூட்டத்தில் பெண்கள் தொடக்கத்திலிருந்தே மிகக் குறைவு. அளவுக்குள் நின்று விதியால் உருவம் சமைக்கும் வேலையை இங்கே தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்களோ பெண்கள்தாம். அதைக் கைவேலை என்றார்கள், பொழுதுபோக்கு என்றார்கள். கணக்கு என்று சொன்னவர்கள் சிலரே. கணினிப் பாடம் ஆண்பிள்ளைகளுக்கு எளிது, நமக்குக் கடினம் என்று தோழியர் சிலர் இன்றும் சொல்லும்போது எங்களுக்குக் கோபமே வருகிறது. ஏழு புள்ளிச் சிக்குக் கோலத்தைப் பார்க்காமல் போடுகிற கைக்கு, நிரல் எப்படி அந்நியமாகும்?

இவ்வாண்டு கணினிக் கூடத்தில் பைதான் மொழியின் ஆமை வரைகலையைக் கொண்டு மூன்றுக்கு நான்கு புள்ளிக் கோலத்தை வரைந்து பார்த்தோம். முதலில் எழுதிய நிரல் 41 வரி. வளைவுகள் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு சுருக்கியபோது 19 வரியில் நின்றது. இழை ஒன்றுதான், ஆமை ஓரிடத்திலும் பேனாவைத் தூக்கவில்லை. நிரலைக் கூடத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். 18 வரியில் முடிக்கும் தோழி, பெயரையும் வகுப்பையும் அதன் கீழேயே எழுதிவிடலாம்.