மாஸ்டர் பிளான்: கடைத்தெரு மனைக்கு மூன்றாண்டுக் கெடு

சென்னைப் பெருநகரின் இரண்டாவது மாஸ்டர் பிளானுக்கு 2008-ல் ஒப்புதல் கிடைத்தது. அதன் இலக்கு ஆண்டு 2026. மூன்றாவது திட்டம் பற்றிய பேச்சு எழுந்ததுமே கடிதங்கள் குவிகின்றன. கீழே கடை, மேலே வீடு என்று பிழைப்பவர்களே அதிகம் எழுதியிருக்கிறார்கள்.

வரைபடத்தில் என் மனைமேல் சாலை போட்டிருக்கிறார்கள். மனை போய்விட்டதா?

போகவில்லை. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, திட்டத்தில் ஒதுக்கிய நிலம் பொதுத் தேவைக்குக் கையகப்படுத்தத் தக்கது ஆகிறது, அவ்வளவே. 'ஒதுக்கீடு' என்று அதிகாரிகள் சொல்வது, காசு கொடுக்காமல் துண்டு போட்டு இடம் பிடிப்பதுதான்.

அந்தத் துண்டு எவ்வளவு காலம் கிடக்கலாம் என்பதற்கு 38-ஆவது பிரிவு பதில் சொல்கிறது. திட்ட அறிவிப்பு அரசிதழில் வெளியான நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் கையகப்படுத்தும் அறிவிக்கை வர வேண்டும். அல்லது உரிமையாளரிடம் பேசி நிலத்தை வாங்கியிருக்க வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் நிலம் விடுவிக்கப்பட்டதாகவே கருதப்படும். மகாராஷ்டிரத்தில் 10 ஆண்டு பொறுத்திருந்து, நோட்டீஸ் கொடுத்து, மறுபடியும் காத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் கெடு கடந்தாலே போதும்.

சட்டம் தெளிவாக இருந்தும் வரைபடத்தில் போட்ட கோடு தானாக அழிவதில்லை. கட்டட அனுமதி கேட்டுப் போனால் அதைக் காட்டியே நிறுத்துகிறார்கள். நிலம் விடுவிக்கப்பட்டது என்று அறிவிக்கக் கோரி உயர் நீதிமன்றப் படியேறியவர்கள் பலர். வழக்கு நடத்த வசதியில்லாதவருக்கு அந்தப் பிரிவு இருந்தும் இல்லாததுதான்.

நிலத்தை எடுக்க அரசுக்கு இன்னொரு வழியும் உண்டு. சாலை அகலப்படுத்தக் குறித்த பகுதியை, அனுமதி தரும் நேரத்தில் தானப்பத்திரமாக எழுதி வாங்குவது. ஈடாகக் கட்டுமான உரிமை தருவதால் இழப்பில்லை என்கிறது அரசுத் தரப்பு. பெரிய மனையில் அடுக்குமாடி எழுப்புபவருக்கு அது சரி. சின்னக் கடைக்காரருக்கு முன்பக்கம் பத்தடி போனால் கடையே போயிற்று. மாடியில் தரும் உரிமை அவருக்கு வியாபாரம் தராது.

கெடு விதிக்கப்பட்டது அரசுக்கு. மூன்றாண்டு கடந்த சர்வே எண்களை ஆண்டுதோறும் வெளியிட்டு, வரைபடத்தைத் திருத்துவதும் அரசின் வேலையே. புதிய திட்டத்தில் இதைக் கட்டாயமாக்க வேண்டும்.

ஆட்சேபணைக்கு அவகாசம் எவ்வளவு?

குறைந்தது 2 மாதம்.

குடியிருப்பு மனையை வணிகத்துக்கு மாற்றலாமா?

நில உபயோக மாற்றம் கோரித் தனியே விண்ணப்பிக்க வேண்டும்.

கட்டணம் செலுத்தினால் கூடுதல் எஃப்.எஸ்.ஐ. (தளப்பரப்புக் குறியீடு) எவ்வளவு?

2019-ஆம் ஆண்டு விதிகளில் சாலை அகலமே அளவுகோல்: 18 மீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் 50%, 12 முதல் 18 வரை 40%, 9 முதல் 12 வரை 30%.

சுரக்குடியில் கடை வைத்திருக்கிறேன். இந்த மூன்றாண்டு விதி எனக்கும் உண்டா?

சுரக்குடி இருப்பது காரைக்காலில்; அங்கே புதுச்சேரியின் 1969-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டமே பொருந்தும். தமிழ்நாட்டுப் பிரிவைக் காட்டி வாதாட முடியாது. காரைக்கால் திட்டக் குழுமத்தில் சர்வே எண்ணைக் குறித்துக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.